குரோம்பேட்டையின் கதை – 14: இரண்டு வெள்ளைப் பொடிகள்

சேம்பர்ஸ் துரை 1912-ஆம் ஆண்டில் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை ஸ்தாபித்த வரலாற்றையும், அந்தக் கம்பெனி தயாரித்த தோலின் பெயரே ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் நிலைத்துவிட்ட விதத்தையும், அதற்கு முன்னரே சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் கவலை ஏற்றத்தின் தோற்பைகளுக்காகக் குரோம் தோலைப் பரீட்சித்துப் பார்த்ததையும் முந்தைய அத்தியாயங்களில் விரிவாகக் கண்டோம். அப்போது தோலைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயத்தை வாசகர்கள் மறுபடியும் மனத்தில் கொண்டுவந்தால் இந்த அத்தியாயம் எளிதாக விளங்கும். பச்சைத் தோல் என்பது புரத இழைகளின் கற்றை. நீர் பட்டால் ஊறும், சூடு பட்டால் சுருங்கும், நான்கு நாள் கிடந்தால் அழுகும். ஆனால் அந்த இழைகளுக்கு நடுவே குரோமியம் புகுந்து ஓர் இழையை அடுத்த இழையோடு பிணைத்துவிட்ட பிறகு, அதே தோல் கொதிக்கிற நீரையும் தாங்கி நிற்கிறது. ஆகவே நம் ஊரின் பெயரிலேயே ஒரு பிணைப்பின் ரசாயனம் அடங்கியிருக்கிறது. 1949-ல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில், ஆகாய விமானத்தையும் மின்னணுவியலையும் போலவே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு துறை இன்று இருக்கிறது; அங்கே மாணவர்கள் பயிலும் பாடத்துக்கு மூலாதாரமும் இதே பிணைப்புத்தான். இழை வேறு, கட்டுகிற கயிறு வேறு.

ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் முதல் தாம்பரம் வரை நடந்து போகிறவர் எவரும் பஞ்சர் கடைப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்ற சொல்லைக் காணாமல் போகமுடியாது. எழுதியவர்க்கும் படிப்பவர்க்கும் அது டியூபை ஒட்டுகிற வேலை என்ற அளவில்தான் அர்த்தம். அச்சொல் ரோமாபுரியின் அக்கினி தேவனாகிய வல்கனின் பெயரிலிருந்து பிறந்தது; தாமஸ் ஹான்காக் என்ற ஆங்கிலேயர் 1843-ல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பக்குவப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரியபோது, பிராக்கடன் என்ற அவருடைய ஓவிய நண்பர் சூட்டிய நாமம் அது. ஹான்காக்குக்கு நான்கு ஆண்டுகள் முந்தியே, 1839-ல், அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின்மேல் பட்டபோது உருகி ஓடாமல் தோல்போலக் கருகி நின்றதைக் கண்டு, அதன்பின் தம் ஆயுளையும் மனைவி மக்களின் சுகத்தையும் அந்த ஒரே ஆராய்ச்சிக்குத் தத்தம் செய்தார். ‘தோல்போல’ என்ற உவமை குட்இயர் காலத்தவர்க்கே இயல்பாக வந்திருக்கிறது என்பதை, தோலால் வாழ்ந்த ஊர்க்காரர்களாகிய நாம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

குலசேகரத்துத் தோட்டங்களிலிருந்தோ கேரளத்திலிருந்தோ புகையூட்டிய தகடாக வந்து சேருகிற ரப்பரை, எதுவும் கலக்காமல் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் குறை உடனே தெரிந்துவிடும். இழுத்தால் நீளும், விட்டால் முழுவதும் திரும்பி வராது. சித்திரை வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அது ஆயிரக்கணக்கான கண்ணிகளைக் கொண்ட நீண்ட நூல்களின் குவியல். ஒரு நூலுக்கும் அடுத்ததற்கும் ஒட்டு இல்லை. இழுக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடுகிறது. அவற்றை ஏறத்தாழ நூறு கண்ணிக்கு ஒரு முடிச்சு வீதம் கந்தகத்தால் கட்டிவிட்டால் குவியல் வலையாகிறது. வலை இழுத்த பக்கம் வந்து, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. முடிச்சு மிகுந்துபோனால் எபோனைட் என்னும் கட்டையைப்போன்ற பொருளாகிவிடும். குறைந்தால் பிசுக்கு நீங்காது. ரப்பர்த் தொழிலின் சாமர்த்தியம் முழுவதும் எத்தனை முடிச்சு, எவ்வளவு நேரத்தில், எங்கே என்ற மூன்று கேள்விகளில் அடக்கம்.

குட்இயர் 1844 ஜூன் 15-ஆம் தேதி பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு பாகம் இருக்கிறது. அதை ரப்பர் சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். ரப்பர் 25 பங்கு, கந்தகம் 5 பங்கு, ஈய வெள்ளை 7 பங்கு என்று அவர் அளவு கொடுக்கிறார். கந்தகத்தைப் பற்றி உலகம் பேசிற்று; அந்த 7 பங்கு வெள்ளைப் பொடியை நிறத்துக்கும் கனத்துக்கும் சேர்த்த சரக்கு என்று எண்ணிவிட்டது. உலோகத்தின் உப்பு ஒன்று கந்தகத்தின் பக்கத்தில் இல்லாவிட்டால் கந்தகம் சோம்பேறியாகிவிடுகிறது என்ற உண்மை, முதல் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தும், மனிதருக்கு விளங்க அறுபது வருஷம் சென்றது. அந்த உண்மையை விளக்கவந்த உலோகம் ஈயம் அன்று, துத்தநாகம்.

துத்தநாகம் நமக்குப் பழகிய பெயர். கீழ்நாட்டிலிருந்து கப்பலேறிய அந்த உலோகத்தைப் போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் ‘டூட்டனேக்’ என்று அழைத்ததை, அகராதி செய்தவர்கள் இத்தமிழ்ச் சொல்லோடும் இதற்கு இனமான மராத்தியச் சொல்லோடும் சம்பந்தப்படுத்திக் காட்டுகிறார்கள். ராஜஸ்தானத்தில் ஜாவர் என்ற மலைப்பிரதேசத்தில், ஐரோப்பாவில் எவரும் இந்த உலோகத்தைப் பிரித்தெடுக்க அறியாத நூற்றாண்டுகளில், நம் தேசத்துக் கொல்லர்கள் அதைக் காய்ச்சி வடித்தார்கள். அதன் தொல்லை இதுதான்: சுமார் 907 பாகையில் துத்தநாகம் கொதித்து ஆவியாகிறது, கனியத்திலிருந்து அதைப் பிரிக்கவோ அதைவிட மிகுந்த சூடு வேண்டும், ஆகவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது, அந்த ஆவியில் காற்றுப் பட்டால் பச்சை கலந்த நீலச் சுடரோடு எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடுகிறது. ஜாவர்க் கொல்லர்கள் களிமண் குடுவைகளைத் தலைகீழாக நிறுத்தி, ஆவி கீழ்நோக்கி இறங்கிக் குளிர்ந்து சேரும்படி செய்தது உலக உலோகவியலில் மகத்தான காரியங்களுள் ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஜாவரில் நஷ்டமாகக் கருதப்பட்ட அந்த வெள்ளைப் புகையை வேண்டுமென்றே உண்டாக்கி அறைகளில் படியவிட்டுச் சேகரிப்பதுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் தொடங்கி இன்றும் ரப்பர்த் தொழிலுக்குப் பொடி கொடுத்துவருகிற ‘பிரெஞ்சு முறை’. சித்த வைத்தியர்கள் நாகபற்பம் என்று மருந்தாகக் கொடுப்பதும், சொறிக்குப் பூசுகிற காலமைன் கரைசலில் வெள்ளையாக இருப்பதும், ரப்பர் மில்லில் தொழிலாளர் ‘சிங்க் ஆக்ஸைடு’ என்று மூட்டையிலிருந்து அள்ளுவதும் இந்த ஒரே வஸ்துவின் வழிவந்தவைதான்.

ரப்பருக்குள் இது முதலில் வந்தது நிரப்பியாகத்தான். நிரப்பி என்ற சொல்லுக்கு, விலையுயர்ந்த ரப்பரின் இடத்தை மலிவான பொடியால் நிரப்புவது என்பதே அன்றைய வியாபார அர்த்தம். சுண்ணாம்புப் பொடி, களிமண், பாரைட் என்று எத்தனையோ கலந்தார்கள். துத்தநாகப் பொடி கலந்தால் மட்டும் ரப்பர் கனப்பதோடு சற்று வலுவும் அடைவதைக் கண்டு, டயரில் ஏராளமாகச் சேர்த்தார்கள். இன்று டயர் என்றாலே கறுப்பு என்று குழந்தையும் சொல்லும். ஆனால் மோட்டார் வண்டியின் முதல் இருபது வருஷங்களில் டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1898-ல் மிஷ்லான் கம்பெனியார் டயர்களை அடுக்கி ஒரு மனித உருவத்தை விளம்பரச் சின்னமாகச் சித்தரித்தபோது, அந்த உருவம் வெள்ளையாக அமைந்ததற்கு அதுவே காரணம். நூறு ஆண்டுக்குமேல் ஆகியும் சின்னம் நிறம் மாறவில்லை, டயர்தான் மாறிவிட்டது.

மாற்றியது கரிப்புகை. 1904-ல் லண்டனை அடுத்த சில்வர்டவுனில் மோட் என்பவர் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூளை ரப்பரில் கலந்து, தேய்மானம் பன்மடங்கு குறைவதைக் கண்டார். எட்டு ஆண்டுகள் சென்று அமெரிக்காவில் டைமண்ட் ரப்பர் கம்பெனியார் அதைக் கைக்கொண்டனர். அதன்பின் டயரில் வெள்ளைப் பொடி நிரப்பியின் ஆசனத்தை இழந்தது. இழந்ததும் ஒழிந்துபோயிருக்க வேண்டும். ஒழியவில்லை. இங்கேதான் அதன் இரண்டாவது ஜன்மம் ஆரம்பமாகிறது.

அதே டைமண்ட் கம்பெனியில், அக்ரன் நகரத்தில், ஜார்ஜ் ஓன்ஸ்லாகர் என்ற இளம் ரசாயனி 1906-ல் ஒரு வேலையில் அமர்த்தப்பட்டிருந்தார். பிரேசிலின் உயர்ந்த பாரா ரப்பர் விலை ஏறிக்கொண்டே போனதால், காடுகளில் கிடைக்கிற மட்டமான ரப்பரையும் அதற்குச் சமமாக வேகும்படி, அதாவது முடிச்சு விழும்படி, செய்ய ஏதாவது வழி உண்டா என்று பார்ப்பதே அவருக்கு இட்ட பணி. பாதரசக் கூட்டுப் பொருள் ஒன்று வேகத்தைக் கொடுத்தது. ஆனால் அந்த ரப்பர் சீக்கிரத்தில் முதுமையடைந்து உளுத்தது. பிறகு அனிலினையும், அதிலிருந்து செய்த தயோகார்பனிலைடையும் கலந்தார்; மட்டமான ரப்பர் உயர்ந்த ரப்பரைப்போல் வெந்துவிட்டது. துரிதமூட்டிகள் என்றும் தொழிலில் ‘ஆக்ஸிலரேட்டர்’ என்றும் வழங்கும் பொருள்களின் வம்சம் அவரிடமிருந்து தொடங்கிற்று. அந்த வம்சம் விருத்தியாக ஆக ஒரு விசேஷம் வெளிப்பட்டது: துத்தநாகப் பொடி கூட இல்லாவிட்டால் இந்தத் துரிதமூட்டிகளில் பெரும்பாலானவை துரிதம் காட்டுவதில்லை.

இதன் பரிமாணத்தை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். நூறு பங்கு ரப்பரில் எட்டுப் பங்கு கந்தகத்தை மட்டும் கலந்து 140 பாகைச் சூட்டில் வைத்தால் வேகுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். அதில் ஐந்து பங்கு துத்தநாகப் பொடி சேர்த்தால் மூன்று மணி. துரிதமூட்டி அரைப் பங்கு சேர்த்துவிட்டால் சில நிமிஷங்கள். இரவெல்லாம் காவலிருந்த அடுப்பு, காப்பி ஆறுகிற நேரத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. இன்றைய மோட்டார் யுகமே அந்தச் சில நிமிஷங்களின்மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

எப்படி நடக்கிறது இந்தக் காரியம்? துத்தநாகப் பொடி ரப்பரில் கரையாத வஸ்து. அதனோடு ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை ஒரு பங்கோ இரண்டு பங்கோ சேர்க்கிறார்கள். இரண்டும் கூடித் துத்தநாக சோப்பு ஆகிறது. சோப்பு ரப்பரில் கரைந்து எங்கும் பரவுகிறது. பரவிய துத்தநாகம் துரிதமூட்டியின் மூலக்கூறுகளைத் தன் இரு புறமும் பற்றிக்கொள்கிறது. கந்தகமோ எட்டு அணுக்கள் கைகோத்த வளையமாக, யாரோடும் சேராமல் தன்னிலேயே முடிந்து கிடப்பது. அந்த வளையத்தை இந்தக் கூட்டணி உடைத்துத் திறந்து, துண்டுகளை ரப்பர் நூலிடம் கொண்டுசேர்க்கிறது. அதோடும் நிற்பதில்லை. முதலில் ஏற்படுகிற முடிச்சுகள் நீளமான கந்தகச் சங்கிலிகள். நீண்ட சங்கிலி சூட்டில் எளிதாக அறும். துத்தநாகம் அருகிருந்து அவற்றைக் குறுக்கி, அதே கந்தகத்தைக்கொண்டு மேலும் பல முடிச்சுகள் விழும்படி செய்கிறது. பெட்டி முழுவதும் நிறைந்து கனத்துக்காக விற்ற பொடி, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்காகச் சுருங்கிவந்து, ஒவ்வொரு முடிச்சிலும் கைவைத்துவிட்டுப் போகிறது. இதை இன்னமும் சில பட்டியல்களில் ‘ஃபில்லர்’ என்ற தலைப்பின்கீழே எழுதிவைத்திருப்பதைக் காணும்போது, அந்தப் பொடிக்கு அநியாயம் செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் இந்த வித்தை எப்போது குடியேறிற்று என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார், 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல்ஓடு ஒட்டும் டிரெட் ரப்பரில் இறங்கினார், 1961-ல் எம்.ஆர்.எஃப். டயர் வெளிவந்தது. அம்பத்தூரில் டன்லப் ஆலையும் ஏறக்குறைய அதே காலத்தது. பலூனிலிருந்து டயருக்கு நடுவே டிரெட் ரப்பர் என்ற படி இருந்தது முக்கியம். ஏனென்றால், எந்தப் பொடியை எத்தனை பங்கு, எந்த வரிசையில் சேர்ப்பது என்ற கலவைக் கலை இந்நகரத்தில் பயிலப்பட்ட பள்ளிக்கூடம் அதுதான்.

நம் பக்கத்துக்கு அந்தக் கலை வந்தது டயரின் வழியாக அன்று, செருப்பின் வழியாக. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரத்தில் தோல் பதனிட்டவர்கள் காலணியின் மேல்பாகத்தைச் செய்தார்கள். அதற்கு அடியில் ‘சோல்’ வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற காலணிக்குக் கறுப்புச் சோல் உதவாது. தரையில் கோடு போடும், வெளிர்ந்த தோலுக்குப் பொருந்தாது. கரித்தூள் போடாமல், கரித்தூளைப்போல் உழைக்கிற வெள்ளைப் பொடி ஏதாவது உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் 1940-களின் இறுதியில் விடை கிடைத்திருந்தது. மணலைச் சோடாவோடு உருக்கினால் சோடியம் சிலிக்கேட். அந்தக் கரைசலில் கந்தகாமிலம் ஊற்றினால் வெண்மையான வீழ்படிவு. அதைக் கழுவி உலர்த்தினால் சிலிக்கா. உலகில் அது முதன்முதலில் பெருமளவில் போன இடமும் காலணியின் அடித்தட்டே.

துத்தநாகப் பொடியும் இந்தச் சிலிக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டுகளில் இருந்தால் பார்வைக்கு இரண்டும் வெள்ளை; கையில் எடுத்தால் பேதம் தெரியும். துத்தநாகப் பொடி கனம். ஓர் ஆழாக்கே மணிக்கட்டை இழுக்கும். சிலிக்கா பஞ்சு, ஊதினால் பறக்கும். அதைவிடப் பெரிய பேதம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கிராம் துத்தநாகப் பொடியின் துகள்களையெல்லாம் பிரித்து அவற்றின் மேற்பரப்பைக் கூட்டிப் பார்த்தால் சுமார் ஐந்து சதுர மீட்டர், அதாவது மூன்று பாய் விரிக்கிற இடம் வரும். ஒரு கிராம் நல்ல சிலிக்காவின் மேற்பரப்பு சுமார் 175 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் முக்கால் கிரவுண்டுக்குச் சற்று மேல். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் குரோம்பேட்டையில் வீடு கட்டும் மனை! அந்த மனை முழுவதும் நீரை விரும்புகிற ஹைட்ராக்ஸில் கைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ரப்பரோ எண்ணெய்க் குணம் கொண்டது. ஆகையால் அந்தக் கைகள் ரப்பரைப் பற்றாமல் தமக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பற்றியது போக மிஞ்சியவை கலவையில் அகப்பட்ட துரிதமூட்டியையும், கரைந்து பரவிய துத்தநாகத்தையும் இழுத்துவைத்துக்கொள்கின்றன. ஒரு வெள்ளைப் பொடி முடிச்சுப் போட வந்த கைகளை இன்னொரு வெள்ளைப் பொடி பிடித்துக் கட்டிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்ததற்கு முன் நேரில் கண்டேன். பல வருஷங்களுக்கு முன்பு, தாம்பரத்துக்கு இப்பால் ஒரு சிறு கூடத்தில், இரண்டு உருளைகள் ஒன்றை நோக்கி ஒன்று சமமற்ற வேகத்தில் சுழலும் மில்லின் முன்னே நின்றிருந்தேன். ரப்பர்த் தகடு உருளைகளுக்கிடையே புகுந்து புகுந்து இளகி, முன் உருளையில் தோலைப்போல் சுற்றிப் படிந்தது. மேஸ்திரி வளைந்த கத்தியால் அதைக் குறுக்கே அறுத்துப் பாயைப்போல் சுருட்டி மறுபடி உருளைக்குள் கொடுப்பார். பையன் பொடியைக் கைவீச்சில் தூவுவான். விழுந்தது போகத் தட்டில் சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டித் திரும்ப மேலே போடுவான். எண்ணெய், சூடு, கந்தகம் மூன்றும் கலந்த வாசனை சட்டையைவிட்டு இரண்டு நாள் போகாது. அன்று வெளிர்நிறச் சோலுக்கான கலவை. அதுவரை களிமண் போட்டுவந்த இடத்தில், தேய்மானம் போதவில்லை என்று வாங்குபவர் சொன்னதனால், முதன்முறையாகச் சிலிக்கா. மற்ற அளவுகளை மாற்றவில்லை. பத்து நிமிஷம் பிரஸ்ஸில் வைத்து எடுத்த தகட்டை மேஸ்திரி கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகத்தின் தடம் அப்படியே நின்றது. வேகவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் வைத்தார்கள், கொப்புளம் போட்டது. துரிதமூட்டியை இரட்டித்தார்கள், அந்த ஈடு மில்லின்மேலேயே வேளைக்கு முன் வெந்து ‘ஸ்கார்ச்’ ஆகி, கட்டியும் முட்டியுமாக உருளையில் சிக்கிக்கொண்டது. ஒரு நாள் உழைப்பும் நாற்பது கிலோவுக்குக் குறையாத சரக்கும் வீண்.

மறுநாள் முறையைத் திருத்தியவர் அந்த மேஸ்திரியேதான். ரப்பர் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். சிலிக்காவைப் போடும்போதே கூடவே கிளைக்கால் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை நூற்றுக்கு இரண்டு பங்கு போட்டார். முன்பெல்லாம் முதலிலேயே தூவிவந்த துத்தநாகப் பொடியைக் கடைசிவரை வைத்திருந்து, சிலிக்கா முழுவதும் ஏறி அடங்கியபின் துரிதமூட்டிக்கு முன்னால் சேர்த்தார். நீட்டிய கைகளைக் கிளைக்கால் முதலில் பற்றிக்கொண்டது. தாமதமாக வந்த துத்தநாகத்தைப் பிடிக்க அங்கே கை மிச்சமில்லை. அன்றைய தகட்டில் நகத்தடம் நிற்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, எச்சில் தொட்ட பென்சிலால், பங்கையும் வரிசையையும் எழுதிக்கொண்டார். கிளைக்கால் ஒன்றைத் தவிர அதே பொருள்கள், அதே அளவுகள். சேர்க்கிற வரிசை மாறினால் சரக்கு வேறாகிவிடுகிறது என்பதை அதற்குமுன் எவரும் எனக்கு அத்தனை தெளிவாகப் போதித்ததில்லை.

டயர் மட்டும் நெடுங்காலம் சிலிக்காவுக்கு வசப்படவில்லை. சோலுக்குப் போதுமான திருத்தம் மணிக்கு எண்பது மைல் ஓடுகிற சக்கரத்துக்குப் போதாது. ஏனென்றால் தமக்குள் கைகோத்த சிலிக்காத் துகள்கள், ரப்பர் ஒவ்வொரு முறை அமுங்கி எழும்போதும் பிரிந்து சேர்ந்து, பிரிந்து சேர்ந்து, வீணாக வெப்பத்தை உண்டாக்கும். கையைப் பொத்திவைப்பதோடு நில்லாமல், அதே கையை ரப்பரோடு கோத்துவிட வேண்டும் என்பதே தீர்வு. 1970-களில் ஜெர்மனியில் உருவான சிலேன் என்ற இணைப்புத் திரவம் அதைச் செய்தது. அதன் மூலக்கூறின் இரு முனைகளும் சிலிக்காவைப் பிடிக்கும். நடுவயிற்றில் உள்ள கந்தகச் சங்கிலி அறுந்து ரப்பரைப் பிடிக்கும். மிக்ஸரில் 140 பாகைக்குக் கீழே அது விழித்துக்கொள்ளாது. 160-ஐத் தாண்டினால் தன் கந்தகத்தை முன்கூட்டியே கக்கி, முழு ஈட்டையும் ஸ்கார்ச் ஆக்கிவிடும். அந்த இருபது பாகைக்குள் சில நிமிஷம் காத்து நிற்பது தவம். பிடிப்பு ஏற்படும்போது சாராயம் ஆவியாகக் கிளம்புவதால் கூடத்தில் காற்றோட்டமும் வேண்டும். இந்த இணைப்போடு 1992-ல் மிஷ்லான் கம்பெனி ‘பசுமை டயர்’ என்று வெளியிட்ட டயர், உருளும்போது விரயமாகும் சக்தியை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததோடு, மழை நனைத்த சாலையிலும் பிடிப்பு விடாமல் நின்றது. வெள்ளை மனிதச் சின்னத்தை உடைய அந்தக் கம்பெனிக்கு இன்று திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் ஆலை இருக்கிறது. வெள்ளைப் பொடி டயருக்குத் திரும்பி வந்துவிட்டது. கரித்தூளையும் சிறிது சேர்ப்பதால் நிறத்தில் மட்டும் தெரியவில்லை.

சிலிக்காவுக்கு மணல்தான் வேண்டுமென்பதும் இல்லை. நம் பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரியை நினைத்துப் பாருங்கள். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆயிரம் கிலோ நெல் அரைத்தால் சுமார் நாற்பது கிலோ சாம்பல். அதைக் காரத்தில் கரைத்துச் செய்த சிலிக்காவை டயருக்கு ஏற்றுக்கொள்ள உலகப் பெருங்கம்பெனிகள் இப்போது முன்வந்திருக்கின்றன. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் அரிசி ஆலைகளின் புறக்கடையில் காற்றில் பறந்து கண்ணை உறுத்துகிற அந்தச் சாம்பலைக் குறித்து நம்மவர்கள் இன்னும் அதிகமாகக் கவலைப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சரித்திரத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுதவேண்டியது கடமை. தோலைக் கட்டிய குரோமியம் முழுவதும் தோலிலேயே தங்கிவிடவில்லை. மிச்சம் கால்வாயில் போயிற்று. நாகல்கேணிப் பக்கத்துக் கிணற்று நீரில் அது இன்றும் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரப்பரைக் கட்டிய துத்தநாகமும் அப்படித்தான். டயர் தேயத் தேய, அந்தத் தூள் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மழைநீரோடு ஏரிக்குப் போகிறது. மனிதருக்கு அளவோடு நன்மையான துத்தநாகம் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நஞ்சு. ஐந்து பங்கை இரண்டாகவும் ஒன்றாகவும் குறைக்க முடியுமா, துகளை மேலும் நுண்ணியதாக்கினால் குறைந்த அளவே போதுமா என்று இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. முழுவதும் நீக்கிவிட்டு அதே வேகமும் அதே வலுவும் தருகிற மாற்றுப்பொருளை இதுவரை தொழிலில் எவரும் கொண்டுவந்து நிலைநிறுத்தவில்லை.

அந்த மேஸ்திரியின் நோட்டு இப்போது எங்கே இருக்கிறதோ அறியேன். அந்தக் கூடம் மூடப்பட்டு, அதன்மேல் அடுக்குமாடி எழும்பிவிட்டது. குரோம் லெதர் கம்பெனியின் கதைக்காவது அரசாங்கக் காகிதங்களும் பழைய பத்திரிகைகளும் கிடைத்தன. பம்மலிலும் நாகல்கேணியிலும் கிண்டியிலும் ரப்பர் மில் ஓட்டியவர்களின் கலவைக் குறிப்புகளோ, சட்டைப்பை நோட்டுகளில் பென்சிலால் எழுதப்பட்டவை. அவற்றில்தான் இந்த வட்டாரத்து ரப்பரின் சரித்திரம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தந்தையாருடையதோ பாட்டனாருடையதோ அப்படி ஒரு நோட்டு இருந்தால், தயவுசெய்து பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானே வந்து பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.